டிக்கெட்டில் இருப்பதை மட்டும் செய்: மென்பொருள் வேலையில் திறமை எப்படிக் கழல்கிறது?

வேலூரைச் சுற்றி ஐ.டி. வேலைக்குப் போகும் ஆளே இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சத்துவாச்சாரியிலும் காந்தி நகரிலும் பாகாயத்திலும் மாடி அறைகளில் ஹெட்செட் மாட்டிய பிள்ளைகள் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிறு சாயங்காலம் காட்பாடி ஜங்ஷனில் சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயில் பிடிக்க நிற்கும் கூட்டத்தில் முதுகில் லேப்டாப் பை இல்லாத இளைஞர்கள் கம்மி. இவர்களில் நாலைந்து வருடம் வேலை பார்த்தவர்களிடம் கொஞ்சம் நெருங்கிப் பேசினால், ஒரே விஷயத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். காலேஜ் கடைசி வருடத்தில் தெரிந்த அளவுகூட இப்போது தெரியவில்லை என்பார்கள். சம்பளம் ஏறியிருக்கிறது, விசிட்டிங் கார்டில் பதவியின் பெயர் நீண்டிருக்கிறது. ஆனால் ஒரு புரோகிராமை முதலிலிருந்து கடைசிவரை நீயே எழுது என்றால் பயம் வந்துவிடுகிறது.

இதற்கு உடனே வரும் பதில், "ஆர்வம் இல்லாத பசங்க, சம்பளத்துக்காக வந்தவங்க" என்பது. கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் படிக்கும்போதே ராத்திரி கண்விழித்துச் சொந்தமாக ஆப் எழுதிப் பார்த்த பிள்ளைகளுக்கும் இதே கதி என்றால், காரணத்தை ஆளிடம் தேடிப் பிரயோஜனம் இல்லை. வேலையைத் துண்டு துண்டாக, மென்பொருளில் 'டிக்கெட்' என்ற பெயரில், பிரித்துக் கொடுக்கும் முறையில் தேட வேண்டும். அந்த முறைக்கு இருநூறு வருடத்துக்கும் மேலான வரலாறு உண்டு. கணினி என்ற யோசனையே அந்த வரலாற்றின் நடுவில்தான் பிறந்தது.

1790களில், புரட்சி நடந்த கையோடு, பிரான்சில் காஸ்பார் த ப்ரோனி என்ற பொறியாளரிடம் மாபெரும் மடக்கை (லாகரிதம்) அட்டவணைகளைத் தயாரிக்கும் பொறுப்பு வந்தது. அவர் வேலையை மூன்று அடுக்காகப் பிரித்தார். மேலே ஐந்தாறு பெரிய கணித மேதைகள். எந்தச் சூத்திரம் என்று தீர்மானிப்பது மட்டும் அவர்கள் வேலை. நடுவில் ஏழெட்டுப் பேர். சூத்திரத்தில் எண்களைப் பொருத்திக் கொடுப்பவர்கள். கீழே அறுபது முதல் எண்பது பேர். அவர்களில் பெரும்பாலோருக்குக் கூட்டலும் கழித்தலும் தவிர வேறு கணக்குத் தெரியாது. தாங்கள் எதைக் கணக்கிடுகிறோம் என்று தெரியாமலேயே அந்தக் கீழ் அடுக்கு நாள் முழுக்கக் கூட்டிக் கழித்து அட்டவணையை நிரப்பியது.

இதை ஆழமாகக் கவனித்தவர் இங்கிலாந்தின் சார்லஸ் பேபேஜ். இயந்திரங்களின் பொருளாதாரம் பற்றி 1832இல் அவர் எழுதிய புத்தகத்தில் ஒரு கணக்கு வருகிறது. ஒரு வேலையை முழுசாக ஒருவரிடம் கொடுத்தால், அதில் உள்ள மிகக் கடினமான பகுதியைச் செய்யத் தெரிந்தவருக்கான கூலியை எல்லாப் பகுதிக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். துண்டு போட்டால் கடினமான துண்டுக்கு மட்டும் கெட்டிக்காரரை வைத்துக்கொண்டு, மற்றதைக் குறைந்த கூலிக்காரர்களிடம் தள்ளிவிடலாம். அதோடு, ப்ரோனியின் மூன்றாம் அடுக்கு செய்த வேலையை இயந்திரத்திடமே கொடுத்துவிடலாம் என்றும் அவர் வாதிட்டார். அவர் கட்ட முயன்று முடிக்காமல் விட்ட டிஃபரன்ஸ் இன்ஜின் என்ற கணக்கிடும் இயந்திரம் அந்த வேலைக்கானதுதான். முதலில் வேலையைப் பிரிப்பது, அடுத்து துண்டின் விலையைக் குறைப்பது, கடைசியில் இயந்திரத்தை உட்கார வைப்பது. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏஐ பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

அடுத்து வந்தவர் அமெரிக்காவின் ஃபிரடரிக் டெய்லர். ஸ்டாப்வாட்சும் கையுமாக உருக்காலைகளில் சுற்றியவர். 1911இல் வந்த அவருடைய புத்தகத்தில், இரும்புப் பாளங்களை ஏற்றும் தொழிலாளி ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றிக்கொண்டிருந்ததை நாற்பத்தேழரை டன் ஆக்கியதாகச் சொல்கிறார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. சுமை கிட்டத்தட்ட நான்கு மடங்கு. கூலி ஒன்றரை மடங்கும் சொச்சமும். இந்தக் கணக்கை விட முக்கியமானது அவர் வலியுறுத்திய ஒரு விதி: மூளை வேலை எதுவும் பட்டறையில் இருக்கக் கூடாது, எல்லாம் திட்டமிடும் அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். எப்படிச் செய்வது என்ற அறிவு தொழிலாளியிடம் இருக்கும் வரை வேகத்தைத் தீர்மானிப்பவன் அவன்தான் என்பது டெய்லருக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

நம் பக்கத்தில் இதை விளக்க அமெரிக்கா வரை போக வேண்டாம், ஆம்பூர் போதும். ஒரு ஜோடி ஷூவை முழுசாகச் செய்யத் தெரிந்த கைவினைஞருக்குத் தோலைத் தடவிப் பார்த்தாலே எந்தப் பக்கம் இழுத்தால் நீளும், எங்கே வெட்டினால் வீணாகாது என்று தெரியும். ஏற்றுமதிக் கம்பெனியில் அந்த அறிவு துண்டுகளாகிவிட்டது. கட்டிங் ஒருவர், ஓரத்தைச் சீவி மெலிதாக்குவது ஒருவர், மடித்து ஒட்டுவது ஒருவர், தைப்பது வரிசையாக உட்கார்ந்த பெண்கள், அச்சில் இழுத்து மாட்டுவது வேறொரு லைன். வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்ணுக்கு ஷூவின் நாக்குப் பகுதியை மட்டும் பிரமாதமான வேகத்தில் தைக்க வரும். மணிக்கு இத்தனை ஜோடி என்று கணக்கு எழுதப்படும். பத்து வருடம் ஷூ கம்பெனியில் இருந்தும் தன்னால் ஒரு ஷூ செய்ய முடியாது என்பதில் அவருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. ஐ.டி. பிள்ளைகளுக்கு மட்டும் இது அதிர்ச்சியாக இருக்கிறது. தங்கள் வேலை மூளை வேலை, அதை யாரும் துண்டு போட முடியாது என்று அவர்களை நம்ப வைத்திருக்கிறோம்.

மூளை வேலையையும் துண்டு போட முடியும் என்பதை 1974இல் ஹாரி பிரேவர்மன் எழுதினார். பேராசிரியர் ஆகாதவர், இளம் வயதில் கப்பல் கட்டும் தளத்தில் செம்புக் கொல்லராக வேலை பழகியவர். யோசிப்பதும் செய்வதும் பிரிக்கப்படும்போது செய்பவனின் திறமை கழன்றுபோகிறது என்பது அவர் வாதம். மூன்று வருடம் கழித்து ஃபிலிப் கிராஃப்ட் என்ற சமூகவியலாளர் அந்த வாதத்தை நேராக புரோகிராமர்கள் மேல் வைத்துப் பார்த்தார்.

அவருக்குக் கையில் நிறைய ஆதாரம் இருந்தது. ஆரம்பத்தில் புரோகிராம் எழுதுவது தனிக்கலை. 1940களின் நடுவில் எனியாக் கணினிக்குப் புரோகிராம் செய்த ஆறு பெண்கள் கையேடு எதுவும் இல்லாமல், சுற்று வரைபடங்களைப் பார்த்துத் தாங்களாகவே கற்றுக்கொண்டவர்கள். அதற்கப்புறம் திட்டமிடுபவர் வேறு, திட்டத்தை இயந்திர மொழியில் எழுதும் கோடர் வேறு என்ற பிரிவினை காகிதத்தில் வந்தது. 1968 அக்டோபரில் ஜெர்மனியில் கார்மிஷ் என்ற ஊரில் நேட்டோ ஏற்பாடு செய்த கூட்டத்தில், மென்பொருள் தயாரிப்பு நெருக்கடியில் இருக்கிறது, செலவு கட்டுக்கு அடங்கவில்லை, தேதிக்கு எதுவும் முடிவதில்லை என்று வல்லுநர்கள் புலம்பினார்கள். அடுத்த வருடமே ஜப்பானில் ஹிட்டாச்சி, மென்பொருளுக்கென்று ஒரு தொழிற்சாலையை அந்தப் பெயரிலேயே தொடங்கியது.

அதே 1968இல்தான் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, புரோகிராமில் கண்ட இடத்துக்குத் தாவும் 'கோ டு' கட்டளை வேண்டாம் என்று புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார். நிரல் (கோட்) படிக்கத் தெளிவாக இருக்க வேண்டும், சரியாக இருக்கிறதா என்று மனத்தால் சரிபார்க்க முடிய வேண்டும் என்பது அவர் கவலை. மேலாளர்கள் இதில் வேறொன்றைப் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி எழுதினால் யார் எழுதினார் என்பது முக்கியம் இல்லாமல் போகும். பெரிய புரோகிராமைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, கற்றுக்குட்டிகளிடம் பிரித்துக் கொடுக்கலாம். கிராஃப்ட் இந்த இரண்டாவது முகத்தை மட்டும் எழுதினார், முதல் முகத்துக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் அபிப்பிராயம். 'கோ டு' மண்டிய நிரலைச் சரிசெய்து பழக்கமுள்ளவர்கள் டைக்ஸ்ட்ராவுக்குக் கோயில் கட்டுவார்கள். ஒரே நுட்பம் எழுதுபவனின் அறிவைக் கூட்டவும் செய்யும், அவனை மாற்றக்கூடிய உதிரிபாகம் ஆக்கவும் செய்யும். எது நடக்கும் என்பது அந்த நுட்பத்தை யார், எதற்காகக் கையில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நம் கதை இங்கிருந்துதான் சூடு பிடிக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அமைந்த மென்பொருள் பொறியியல் நிறுவனம், மென்பொருள் நிறுவனங்களின் வேலை முறையை மதிப்பிடும் சிஎம்எம் என்ற தரநிலையை 1991இல் வெளியிட்டது. ஒன்று முதல் ஐந்து வரை படிகள். இந்திய நிறுவனங்கள் இதை விழுந்து விழுந்து பிடித்தன. ஐந்தாம் நிலைச் சான்றிதழை வரவேற்பறையில் மாட்டுவது தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கௌரவம். அந்தப் படிகளில் முதல் படியின் வர்ணனையைப் படித்தால் விஷயம் விளங்கும். வேலை தனி ஆட்களின் திறமையாலும் விடாமுயற்சியாலும் நடக்கிறது என்றால் அந்த நிறுவனம் முதல் படியில், அதாவது அடிமட்டத்தில் இருக்கிறது. மேலே ஏற ஏற, ஆளின் இடத்தில் செயல்முறை வந்து உட்கார வேண்டும்.

காரணம் இல்லாமல் இதைச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் வாடிக்கையாளருக்கு, முகம் தெரியாத நூறு பேரை நம்பி வேலையைக் கொடுக்க ஏதாவது உத்தரவாதம் வேண்டும். ஆட்கள் அடிக்கடி கம்பெனி மாறுகிறார்கள். போனால் வேலை நிற்கக் கூடாது. நியாயமான கவலைதான். ஆனால் அதற்குக் கண்டுபிடித்த வழி, யார் போனாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு ஒவ்வொருவரின் வேலையையும் சின்னதாக்குவது. கூடவே பேபேஜ் கணக்கும் வந்து சேர்ந்தது. அனுபவசாலிகள் கொஞ்சம் பேர் மேலே, புதியவர்கள் கூட்டமாகக் கீழே. பிரமிடு என்றே அதற்குப் பெயர். வாடிக்கையாளரிடம் தலைக்கு இவ்வளவு என்று பில் போடுவார்கள். பிரமிடின் அடி எவ்வளவு அகலமோ அவ்வளவு லாபம். புதிதாகச் சேர்பவருக்குப் பெரிய சேவை நிறுவனங்கள் தரும் சம்பளம் பத்து வருடத்துக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்பதற்கு, இந்தத் துண்டு வேலையைச் செய்ய யார் வேண்டுமானாலும் போதும் என்பது ஒரு பெரிய காரணம். நம்ம ஊர் காலேஜ் வளாகங்களில் இவர்களுக்கு 'மாஸ் ரெக்ரூட்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரில் ஒளிவு மறைவே இல்லை.

பிறகு 2001 வந்தது. அமெரிக்காவில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் பதினேழு பேர் கூடி, மென்பொருளை எப்படிச் செய்ய வேண்டும் என்பது பற்றிய அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அதன் முதல் வரியே செயல்முறைகளையும் கருவிகளையும் விட மனிதர்களும் அவர்கள் பேசிக்கொள்வதும் முக்கியம் என்றது. சிஎம்எம் வகையறாவுக்கு எதிரான கலகம் என்றே சொல்லலாம். இருபது வருடத்தில் அந்தக் கலகத்தை நிர்வாகம் அப்படியே விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது. இன்று அஜைல் என்றால் பெரும்பாலான டீம்களில் காலை ஸ்டேண்ட்அப் கூட்டம், டிக்கெட்டுகளை அடுக்கிக் காட்டும் ஜிரா போர்டு, ஒவ்வொரு வேலைக்கும் போடும் ஸ்டோரி பாயின்ட், டீமின் வேகத்தைக் காட்டும் வெலாசிட்டி வரைபடம். நேற்று என்ன முடித்தாய், இன்று என்ன முடிப்பாய், எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறாய் என்று வட்டமாக நின்று சொல்ல வேண்டும். டீம் தனக்குள் பேசிக்கொள்ள வந்த சடங்கு மேலாளருக்கு ஒப்பிக்கும் வருகைப்பதிவாக மாறிவிட்டது. வேலையின் பருமனைத் தோராயமாகச் சொல்ல வந்த பாயின்ட், ஆளின் உழைப்பை அளக்கும் தராசாகிவிட்டது. அறிக்கையில் கையெழுத்துப் போட்ட ரான் ஜெஃப்ரிஸே பின்னாளில், ஸ்டோரி பாயின்டைக் கண்டுபிடித்தது ஒருவேளை நானாக இருக்கலாம், இருந்தால் மன்னிக்கவும் என்ற தோரணையில் எழுதினார்.

அளவுகோல் வந்தால் வேலை அளவுகோலுக்காக வளையும். 1982 வாக்கில் ஆப்பிளில், வாரத்துக்கு எத்தனை வரி எழுதினாய் என்று படிவம் நிரப்பச் சொன்னார்கள். திரையில் படம் வரையும் பகுதியை எழுதிய பில் அட்கின்சன் அந்த வாரம் தன் நிரலையே செம்மையாக்கி, வேகத்தைக் கூட்டி, இரண்டாயிரம் வரிகளை நீக்கியிருந்தார். படிவத்தில் மைனஸ் 2000 என்று எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அவரிடம் படிவம் கேட்பதையே விட்டுவிட்டார்கள். அட்கின்சனாக இருந்ததால் தப்பித்தார். இங்கே முதல் வருடத்தில் இருக்கும் ஒரு பெண் இந்த வாரம் என் பாயின்ட் பூஜ்யம், ஆனால் பழைய குப்பையைச் சுத்தம் செய்தேன் என்று சொன்னால் அப்ரைசலில் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

துண்டு வேலை எப்படி இருக்கும் என்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி குடியாத்தம் பக்கம். எல்1 சப்போர்ட், அதாவது பிரச்சினை வந்தால் முதலில் பார்க்கும் அடுக்கு. வீட்டிலிருந்தே நைட் ஷிஃப்ட். வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்கிறான். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ராத்திரி ஒரு மணி வாக்கில், சிஸ்டத்தில் தானாக ஓட வேண்டிய ஒரு ஜாப் தொங்கிவிடும், திரையில் சிவப்பு அலர்ட் வரும். உடனே, என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாக எழுதி வைத்த எஸ்ஓபி என்கிற ஆவணத்தைத் திறக்க வேண்டும். சர்வீஸை நிறுத்து, இரண்டு நிமிடம் காத்திரு, மறுபடி ஓட்டு, ஜாப்பைத் திரும்பத் தொடங்கு, 'ரீஸ்டார்ட் செய்யப்பட்டது' என்று எழுதி டிக்கெட்டை மூடு. குறித்த நேரத்துக்குள் மூடாவிட்டால் வாடிக்கையாளருக்குக் கொடுத்த எஸ்எல்ஏ என்ற நேர உத்தரவாதம் போய்விடும், காலையில் மேனேஜர் கூப்பிடுவார். சிஸ்டம் தானே எழுதி வைக்கும் லாகை அவன் படித்திருக்கிறான். டேட்டாபேஸ் கனெக்‌ஷன்கள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போய், வரம்பைத் தொட்டதும் எல்லாம் நின்றுபோகிறது. திறந்த கனெக்‌ஷனை எங்கேயோ மூடாமல் விடுகிறார்கள். மூன்றாம் வருட மாணவன் கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடிய தவறு.

"அப்போ சரிபண்ணிட வேண்டியதுதானேப்பா?" என்றேன்.

"கோட் பாக்க ஆக்சஸ் இல்லண்ணா. நான் எல்1. எல்3 டீமுக்கு மெயில் போட்டேன். இது தெரிஞ்ச பிரச்சினைதான், எஸ்ஓபி இருக்குதுல்ல, அதப் பாத்து செய்யின்னு வந்துச்சி. அப்புறம் இன்னாத்துக்குக் கேட்டுக்கினு."

இதில் யாரும் கெட்டவர் இல்லை. நிரலைத் திருத்தும் அடுக்கான எல்3 ஆட்களுக்கு மூடிய டிக்கெட்டுக்குக் கணக்கு உண்டு, வராமல் போன டிக்கெட்டுக்குக் கணக்கு கிடையாது. கம்பெனிக்கு, அந்த அலர்ட் நின்றுவிட்டால் நைட் ஷிஃப்டில் ஒரு ஸீட் தேவையா என்று வாடிக்கையாளர் கேட்பார். ஒரு தலைக்கான பில் குறையும். எல்லோரும் தங்கள் துண்டை ஒழுங்காகச் செய்கிறார்கள். நடுவில் கனெக்‌ஷன் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, ஒரு பொறியாளரின் கற்கும் வயதும் அதோடு சேர்ந்து ஒழுகுகிறது. இவனுக்குக் காரணம் கண்டுபிடிக்கும் மூளை இருந்தது. அதைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லித்தான் சம்பளம் கொடுக்கிறார்கள். கேட்பதை விட்ட அன்றைக்குத்தான் அவன் திறமை குறையத் தொடங்கியது என்று நான் நினைக்கிறேன்.

ஷூவுக்கும் மென்பொருளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. நிர்வாகக் கணக்கு இடறுவதும் அங்கேதான். ஷூ ஒருமுறை செய்தால் முடிந்தது. மென்பொருள் செய்து முடித்த மறுநாளே மாறத் தொடங்குகிறது. சட்டம் மாறும், வரி மாறும், வாடிக்கையாளர் மனசு மாறும். டென்மார்க்கின் பீட்டர் நௌர் 1985இல் எழுதிய ஒரு கட்டுரையில், புரோகிராம் என்பது எழுதப்பட்ட வரிகளில் இல்லை, எழுதியவர்களின் மனத்தில் உருவாகும் புரிதலில் இருக்கிறது என்றார். அவர் தரும் உதாரணம் இது. ஒரு குழு, புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் நல்ல கம்பைலர் ஒன்றை எழுதியது. இன்னொரு குழு அதை வாங்கி விரிவாக்க முயன்றது. முழு நிரலும் கையில் இருந்தது, ஆவணங்கள் இருந்தன, எழுதியவர்களே ஆலோசனை சொன்னார்கள். அப்படியும் இரண்டாவது குழு முன்வைத்த மாற்றங்களில் பல, மூல வடிவமைப்பின் பலத்தையே காலி செய்பவையாக இருந்தன. முதல் குழுவால் அதை ஒரே பார்வையில் சொல்ல முடிந்தது. இரண்டாவது குழுவால் ஆவணத்தைப் படித்தும் பார்க்க முடியவில்லை.

இதைப் படித்த பிறகு நம்ம ஊர் 'கேடி' (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) சடங்கை நினைத்தால் சிரிப்பு வரும். டீமை விட்டுப் போகிறவர் இரண்டு வாரத்தில் தன் அறிவை வருகிறவருக்குக் கொடுத்துவிட வேண்டும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் கூட்டம் போட்டு ரெக்கார்ட் செய்வார்கள், எக்செலில் தலைப்புகள் போட்டு ஒவ்வொன்றுக்கும் எதிரே 'முடிந்தது' என்று பச்சை நிறம் தீட்டுவார்கள். கேட்டவர் திரும்பச் சொல்லிக் காட்டுவதற்கு ரிவர்ஸ் கேடி என்று பெயர். இந்த பட்டனை அழுத்தினால் இந்த ஸ்க்ரிப்ட் ஓடும் என்பது கேடியில் வந்துவிடும். பிறந்த தேதியை ஏன் தேதியாக வைக்காமல் எழுத்தாக வைத்திருக்கிறார்கள், பழைய சிஸ்டத்திலிருந்து வந்த ஏதோ ஒரு கோப்புக்காகவா, அதை மாற்றினால் எங்கே உடையும் என்பது வராது. போகிறவருக்கே அது தெரியாமல் இருக்கலாம், அவரும் கேடியில் வாங்கியவர்தானே. இப்படி நாலு கை மாறிய பிறகு, அந்த மென்பொருளைப் புரிந்துகொண்டவர் என்று யாரும் மிச்சம் இருப்பதில்லை. தொடப் பயந்து, பழையதன் மேல் புதியதை ஒட்டிக்கொண்டே போவார்கள்.

ஆக, திறமையை ஆளிடமிருந்து எடுத்து ஆவணத்தில் வைத்துவிடலாம் என்ற டெய்லரின் திட்டம் மென்பொருளில் பாதிதான் பலிக்கிறது. ஆளிடமிருந்து எடுப்பது நடக்கிறது. ஆவணத்தில் போய்ச் சேருவது நடப்பதில்லை. நடுவில் காணாமல் போகிறது.

மறுபக்கமும் ஒன்று உண்டு. பிரேவர்மனும் கிராஃப்டும் எழுதி ஐம்பது வருடம் ஓடிவிட்டது. புரோகிராமர்கள் எல்லோரும் குமாஸ்தாக்கள் ஆகிவிடவில்லை. இந்தத் தொழிலில் பழைய திறமை ஒன்று மலிவானால் புதிதாக ஒன்று மேலே வருகிறது. மெமரியை பைட் பைட்டாக எண்ணியவர்கள் போய், பல ஊர்களில் பரந்து கிடக்கும் சர்வர்களை ஒருங்கிணைப்பவர்கள் வந்தார்கள். பெங்களூரில், சொந்தமாக மென்பொருள் தயாரிக்கும் நல்ல புராடக்ட் கம்பெனியில் இருக்கும் நம்ம ஊர்ப் பெண் வடிவமைப்பதிலிருந்து ராத்திரி அலர்ட்டைக் கவனிப்பது வரை தானே செய்கிறார். நீ கட்டியதை நீயே ஓட்டு என்பது அங்கே பழக்கம். அவருடைய திறமை வருடா வருடம் ஏறுகிறது. அதனால் மொத்தத் தொழிலும் தேய்கிறது என்று சொன்னால் தப்பு. தொழில் இரண்டாகப் பிளக்கிறது என்றால் சரி. ஒரே காலேஜில், ஒரே பெஞ்சில் படித்த இரண்டு பேர் ஐந்து வருடம் கழித்து வேறு வேறு தொழிலில் இருப்பவர்களைப் போல ஆகிவிடுகிறார்கள். படித்தபோது அவர்களுக்கு இடையே இவ்வளவு தூரம் இருந்திருக்காது.

இப்போது ஏஐ. 2021இல் நிரல் எழுதித் தரும் கோபைலட், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி. ப்ரோனியின் மூன்றாம் அடுக்கு மறுபடி கண் முன்னால் வருகிறது. டிக்கெட்டில் வேண்டியதெல்லாம் எழுதியிருக்கிறது, யோசிக்கத் தேவையில்லை, அதை நிரலாக மாற்றினால் போதும் என்கிற அளவுக்கு வேலையை நறுக்கி வைத்த பிறகு, அந்த இடத்தில் இயந்திரத்தை வைப்பது சுலபம். துண்டு போட்டது நிர்வாகம். ஏஐ அந்தத் துண்டை வந்து பொறுக்கிக்கொள்கிறது. பிள்ளைகளின் வேலையை ஏஐ பறிக்கிறது என்று சொல்லும்போது இந்த முதல் பாதி விட்டுப்போகிறது.

ஏஐ எழுதியதைச் சரிபார்ப்பதுதான் இனி மனிதர் வேலை என்கிறார்கள். லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983லேயே இதில் உள்ள முரணை எழுதிவிட்டார். அவர் பேசியது ஆலைகளின் கட்டுப்பாட்டு அறையைப் பற்றி. சுலபமான வேலையை எல்லாம் இயந்திரம் எடுத்துக்கொண்டால், மனிதருக்கு மிஞ்சுவது இயந்திரம் திணறும் கடினமான நேரங்கள். அந்த நேரத்தில் கைகொடுக்க வேண்டிய பழக்கத்தைத் தினசரி வேலையிலிருந்துதான் அவர் பெற்றிருக்க முடியும், அந்தத் தினசரி வேலையோ அவரிடம் இல்லை. எழுதிப் பழகாதவர் எதை வைத்துச் சரிபார்ப்பார்? அனுபவசாலிகளே தங்களைத் தப்பாக எடை போடுகிறார்கள். 2025இல் மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு, யாரும் பார்க்கும்படி நிரலைத் திறந்து வைக்கும் திறந்த மூலத் திட்டங்களில் பல வருடம் பழகிய பதினாறு பேரை வைத்துச் சோதித்தது. ஏஐ கருவியோடு வேலை செய்தபோது அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் சீக்கிரம் முடித்ததாக நம்பிக்கொண்டிருந்தார்கள். பதினாறு பேர் சின்ன எண்ணிக்கைதான், கருவிகளும் மாறிக்கொண்டே வருகின்றன. ஆனாலும் தன் வேகத்தைத் தானே கணிக்க முடியாமல் போனது கவனிக்க வேண்டிய விஷயம்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு நார்வேயில் ஒரு முன்னுதாரணம் உண்டு. பொருள்நோக்கு நிரலாக்கத்துக்கு அடித்தளம் போட்ட சிமுலா மொழியை ஓலெ-யோஹான் தாலோடு சேர்ந்து உருவாக்கியவர் கிறிஸ்டன் நிகார்ட். எல்லா இன்ஜினீயரிங் மாணவரும் கிளாஸ், ஆப்ஜெக்ட் என்று மனப்பாடம் செய்வது இவர்கள் ஆரம்பித்து வைத்ததைத்தான். அந்த நிகார்ட் 1970களின் தொடக்கத்தில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு உட்கார்ந்து, ஆலைக்குள் வரும் கணினி அமைப்பு தொழிலாளியின் அறிவை எடுத்துக்கொள்ளாமல் வளர்க்கும்படி இருக்க என்ன கேட்க வேண்டும் என்று அவர்களோடு சேர்ந்து ஆராய்ந்தார். அதன் தொடர்ச்சியாகப் புதிய கணினி அமைப்புகள் வருவதற்கு முன் தொழிலாளர்களிடம் கலந்து பேச வேண்டும் என்ற ஒப்பந்தங்கள் அங்கே வந்தன. தமிழ்நாட்டில் ஐ.டி. ஊழியர்களுக்குச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் நேரமெல்லாம் ஆட்குறைப்பிலும் வேலை நேரத்திலும் போய்விடுகிறது, அதில் தப்பும் இல்லை. எல்1 ஆளுக்கும் நிரலைப் பார்க்க அனுமதி வேண்டும் என்று யாரும் கோரிக்கை வைத்து நான் கேட்டதில்லை.

வேலூர்ப் பக்கம் அடுத்து மேல்மொணவூர் மினி டைடல் பூங்கா என்ற ஐ.டி. வளாகம் பற்றித்தான் பேச்சு. சென்னைக்கு ஓடாமல் வீட்டுச் சாப்பாட்டோடு வேலை பார்க்கலாம் என்று பெற்றோருக்குச் சந்தோஷம், எனக்கும்தான். எத்தனை ஸீட் என்பதைப் போலவே எந்த மாதிரி ஸீட் என்பதும் முக்கியம். கேம்பஸ் இன்டர்வியூவில் கடைசியில், உனக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா என்பார்கள். பையன்கள் இல்லை சார் என்று சிரித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அங்கே கேட்க நல்ல கேள்விகள் இருக்கின்றன. டிக்கெட்டை யார் எழுதுகிறார்கள், அதை எழுதும்போது நானும் இருப்பேனா? நான் எழுதியது வாடிக்கையாளரிடம் ஓடுவதை நானே பார்க்க முடியுமா? திரும்பத் திரும்ப வரும் ஒரு பிரச்சினையின் காரணத்தைத் தேட எனக்கு நேரம் தருவீர்களா, அந்த நேரத்தை டைம்ஷீட்டில் என்ன தலைப்பில் போடுவது? போன வருடம் எல்1இல் இருந்தவர்களில் எத்தனை பேர் இப்போது எல்3இல் இருக்கிறார்கள்? ஹெச்ஆரிடம் இதற்கெல்லாம் பதில் இருக்காது. அந்த டீமில் காட்பாடியிலோ ஆற்காட்டிலோ படித்த சீனியர் ஒருவராவது இருப்பார். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர் நம்பரை வாங்கிக் கேட்டால், டைம்ஷீட் கேள்விக்கே முழுக் கதையையும் சொல்லிவிடுவார்.